புரண்டெழும் நேரம்

ஜாலஹள்ளியில், தைல மரங்களுக்குப் பின்னால்
ஆறு மீட்டர் நீளத்தில் ஓர் இரும்புக் குழாய்.
ஒரு முனையில் ஹீலியம். நடுவில்
சமோசா சுற்றும் தாளைவிடக் கொஞ்சம் தடித்த மைலார்.
மறு முனையில் வலைத்தொட்டிலில்
மயங்கிய எலி,
முகம் மட்டும் குழாய்க்கு நேரே.

தாள் கிழியும்.
அலை தலையைக் கடக்க
நான்கு மில்லிவிநாடி.
பக்கத்து வளாகத்து நாய்கள்
முதல் வருஷம் குரைத்தன.

என் வேலை அதற்குப் பிறகு.
எலியை மல்லாக்கக் கிடத்தி
ஸ்டாப்வாட்சை அழுத்துவேன்.
அதுவாகப் புரண்டு
நாலு காலும் ஊன்றும்வரை
தொடக்கூடாது.
நாற்பத்திரண்டாம் எலி: ஆறு நிமிடம் நாற்பது.
அதன் ஜோடி: மூன்று நிமிடம் பத்து.
இரண்டுக்கும் ஒரே மயக்க மருந்து, ஒரே சத்தம்.
அலை மட்டும் ஒன்றுக்கு.

ரத்தமில்லை. எலும்பு முறியவில்லை.
அரை மணியில் தீவனம் கொறிக்கிறது.
'லேசானது' என்று எழுதிக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டி.
பால்பவுடர் கரைத்த நீருக்கடியில்
விரற்கடை ஆழத்தில் ஒரு மேடை.
நேற்றுக் கண்டுபிடித்த மேடைதான்.
நாற்பத்திரண்டு சுவரோரமாகவே நீந்துகிறது,
சுற்றிச் சுற்றி, மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு.
அறுபது விநாடியில் நானே எடுத்து
துண்டால் துடைப்பேன்.
துடைக்கும்போது அதன் இதயம்
கைக்குள் தையல் மெஷின்போல ஓடும்.

அலசூர் முகாமிலிருந்து ஒருநாள்
சுபேதார் மாசிலாமணி வந்தார்.
பாலம் தகர்க்கும் பிரிவில் பதினெட்டு வருஷம்.
ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்.
கூண்டுக்கு முன் குனிந்து நின்று
தமிழில் கேட்டார்:
"எலிக்குத் தலைவலின்னு எப்படிம்மா தெரியும்?"
கண் சுருங்கும், கன்னம் தட்டையாகும்,
மீசை விறைக்கும், படம் போட்ட
அட்டவணை இருக்கிறது என்றேன்.
"என் வீட்டுக்காரிகிட்டயும்
அப்படி ஒண்ணு இருக்கு" என்றார்.

டாக்டர் ஷர்வரி எச்சரித்தார்:
எலியின் மூளையில் மடிப்பே கிடையாது, வழவழப்பு.
ஓடும் மெல்லியது. உடம்போ உள்ளங்கை அளவு.
இந்த எண்களை அப்படியே பெருக்கி
மனுஷனாக்க முடியாது.
சரி என்றேன்.
கணக்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் தகராறு.

அப்பா சாம்பியன் ரீஃபில் வெடிக்காரர்.
பூமிக்கடியில் இருபத்திரண்டு வருஷம்,
திரி பற்றவைத்து வளைவுக்குப் பின்னால் ஓடி
வாயைத் திறந்து வைத்துக்கொள்வாராம்.
சுரங்கம் மூடிய பிறகு
எரிகிற விளக்கின் கீழே நின்று
சுவிட்சைத் தேடுவார், சுவரோரமாகவே தடவி.
அப்பா குடித்ததில்லை.
கம்பெனி ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்
குடித்திருந்தார்.

நேற்று நாற்பத்திரண்டின் மூளையை
மயிரிழைத் தடிமனில் சீவிச்
சாயம் ஏற்றினோம்.
மைக்ராஸ்கோப்பில் இங்குமங்கும்
சில பழுப்புப் பொட்டுகள்,
டீ சிந்தியதுபோல.
போதாது என்றது புள்ளியியல்.
இன்னும் பன்னிரண்டு எலிகள் கேட்டு
அனுமதிக்கு எழுதியிருக்கிறோம்.
நிங்கராஜு காலிக் கூண்டில் புது உமி போட்டான்.

குழாய் அறையின் அடுத்த அறை என்னுடையது.
காதுமூடி கொடுத்திருக்கிறார்கள், நல்ல கம்பெனி.
பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன்:
இதுவரை அறுநூற்றுப் பதினெட்டு வெடிகள்.
யாரும் என்னை மல்லாக்கக் கிடத்தி
நேரம் பார்த்ததில்லை.

மாலை வண்டியில் வொயிட்ஃபீல்டு தாண்டும் முன்னே
தூங்கிவிடுகிறேன்.
எங்கேயோ குலுங்கி நின்றது.
மஞ்சள் பலகை, மூன்று மொழியில் ஓர் ஊர்ப் பெயர்.
எழுத்து தெரிகிறது. படிக்கவும் முடிகிறது.
இது எந்த ஊர்,
நான் இறங்க வேண்டுமா,
கைக்கடிகாரத்தில் விநாடி முள்ளைப் பிடித்துக்கொண்டேன்.
ஏழு.
எட்டு.
ஒன்பது