நிஜ அளவு

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையின் காலிக் கிடங்கில்
சுண்ணாம்புக் கோட்டால் வீட்டை வரைந்திருந்தேன்,
நிஜ அளவில்.
நான்குவழிச் சாலைக்குப் போன வீடு.

பள்ளிப் பிள்ளைகள் சுவரில் புகுந்து சுவரில் வெளியேறினார்கள்.
ஒருவர் என் அடுப்பின் மேல் நின்று செல்ஃபி எடுத்தார்.

மூன்றாம் நாள் வேடியப்பன் வந்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வாசல் வழியாகவே நுழைந்தார்.
"சமையக்கட்டுச் செவுரு
இன்னும் ரெண்டடி தள்ளி இருந்துச்சுங்க.
மொதல்ல அதத்தான் இடிச்சேன்."

பொக்லைன் ஓட்டியவர்.

ஜன்னலுக்கு மேலே அணில் கூடாம்.
தாய் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விப் போகும்வரை
வண்டியை அணைத்துவிட்டு பீடி பிடித்தாராம்.
எனக்கு அந்தக் கூடே தெரியாது.

ஈரத்துணியால் கோட்டை அழித்து
சுண்ணாம்புக் கட்டியை நீட்டினேன்.
நேராக இழுத்தார். சரியாக ரெண்டடி.
பிறகு குந்தியபடியே கேட்டார்:
"மேல இருந்தத
எப்படிங்க தரையில போடறது?"