கைப்பிடிக்குக் கீழே

ஒஹாயோ ஆற்றங்கரை. சனிக்கிழமை, காலை ஆறரை.
இறந்துபோன ஒருவரின் கராஜுக்கு முன்னால்
காப்பியும் கையுமாக வரிசை.

முதல் ஆள் வெர்னா ஸ்டிடம்.
ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
ஆறாம் நாள் நகத்தால் வாசிக்கிறவள்.
அச்சில் வார்த்த போலி என்றால்
கோடுகள் புடைத்து நகத்தில் தட்டும்.
ஊதிச் செய்தது வழவழவென்றிருக்கும்,
விரிசலெல்லாம் உள்ளே.

கொதிக்கக் கொதிக்க ஒரு குமிழைத்
தண்ணீரில் முக்கி,
அது சிதறிவிட நினைக்கும் நொடியில்
மறுபடி உலைக்குள் நீட்டியிருக்கிறான்
எவனோ ஒருவன், இரண்டாம் ஷிப்டில்,
மாட்டுக்கறி சாண்ட்விச்சை நினைத்துக்கொண்டு.

அவள் சமையலறைச் சன்னலில் அப்படி அறுபத்திரண்டு.
மாலை ஐந்து மணிக்கு
பாத்திரம் கழுவும் கை
முழங்கை வரை பச்சை, அதற்கு மேல் ஊதா.

அட்டைப்பெட்டியில், மாவுச் சல்லடைக்கு அடியில்
கிடந்தது அறுபத்து மூன்றாவது.
நாலங்குல ஜாடி.
விளிம்பில் மிளகாய்ப்பழச் சிவப்பு,
இறங்க இறங்க எலுமிச்சை.
அடியில் கம்பியை ஒடித்த வடு, தொப்புள் மாதிரி.

கைப்பிடியை அவள் பிடித்தாள்.
வயிற்றை இன்னொரு கை பிடித்தது.
ஆர்வில் டேக்கெட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
"விரிசல் விட்டிருக்கு. விட்டுடு."
"ஆயிரம் விட்டிருக்கு. எதைச் சொல்றீங்க?"
கைப்பிடி ஒட்டும் இடத்துக்குக் கீழே
ஒரு விரல் போய் நின்றது.
"இதை."

ஒன்பது டாலர். வீம்புக்கு வாங்கினாள்.

இரவு தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள்மேல் வைத்தாள்.
விடிந்தபோது
"மழைக்கு வாய்ப்பில்லை" என்ற வரி
ஒரு காசளவு நனைந்திருந்தது.

அரை நிமிடம் திட்டினாள்.
பிறகு, டோஸ்டரில் ரொட்டி கருகும்வரை
நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த மனுஷன் நகம் வைக்கவில்லை.
சுண்டிப் பார்க்கவில்லை.
சட்டைப்பை டார்ச்சைத் தொடவில்லை.
மூக்குக்கண்ணாடிகூட நெற்றியில்தான் இருந்தது.
ஆயிரத்தில் ஒன்றை
சொந்த வீட்டு ஸ்விட்சை இருட்டில் தொடுகிறவர்போலத்
தொட்டார்.

எந்தக் குழாயில் இடித்தது, யார் கையிலிருந்து,
எப்படி அந்தக் கராஜுக்கு வந்தது,
கேட்டால் சொல்ல மாட்டார்.
அவளும் கேட்கப்போவதில்லை.

திங்கட்கிழமை, ஏழு பிள்ளைகள் ஏறிய பிறகு,
யாரும் காத்திராத ஒரு தபால்பெட்டி அருகே
பேருந்து நின்றது.
கம்பளிக் காலுறைக்குள் ஜாடி.
பெட்ரோல் ரசீதின் முதுகில்: "ஒன்பது."

செவ்வாய்க்கிழமை
பெட்டியின் சிவப்புக் கொடி நிமிர்ந்திருந்தது.
உறைக்குள் எட்டு டாலர்,
மருந்துச்சீட்டுக் கையெழுத்தில் ஒரு துண்டு:
"ஒழுகுகிறது. ஒன்று கழித்திருக்கிறேன்."

பின் இருக்கையில் யாரோ யாரையோ கிள்ளிவிட்டார்கள்.
"உக்காருங்கடா!" என்று கத்தியபடி
பிரேக்கை விடுவித்தாள்.
அவள் சிரிப்பது
தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில்
ஏழு பேருக்கும் தெரிந்துவிட்டது.