தகவல் தந்தவர்

வாரிசுச் சான்றுக்கு
செத்தவர்கள் எல்லோரும் வேண்டும் என்றார் வக்கீல்.
ரிப்பன் மாளிகைக்கு மூன்று வாரம் அலைந்து
பழைய பதிவேட்டின் நகல்கள் நாலு
கைக்கு வந்தன.

தரமணியில் எனக்கு வேலை.
ஓஹையோவில் யாருக்கோ வரும் நோய்க்கு
இங்கே உட்கார்ந்து எண் போடுவது.
காரணமே தெரியாத சாவுக்கும் எண் இருக்கிறது,
ஆர் தொண்ணூற்றொன்பது.
அடிக்கடி போட்டால் டீம் லீடர் கூப்பிடுவார்.

புளியந்தோப்பு வீட்டில், கரண்ட் போன மத்தியானம்,
நாலையும் கட்டிலில் பரப்பினேன்.

துளுக்காணம், எழுபத்தொன்று. தளர்ச்சி.
சரி, போய்ச் சேர்ந்தார்.

பெயர் வைக்காத ஆண் குழந்தை, எட்டு நாள். வலிப்பு.
எட்டாம் நாள் தாடை பூட்டிக்கொண்டதென்றால்
அது தொப்புள்கொடி அறுத்த கத்தி.
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தனகோட்டி, பத்தொன்பது. ஜுரம்.
தேதியைப் பார்க்கிறேன்:
குழந்தைக்கு மூன்று நாள் முன்னால்.
ஜுரமாம்.
பிள்ளை பெற்றாள் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை.

எத்திராஜம்மாள், இருபத்திரண்டு, மணமாகாதவர்.
தீராத வயிற்று வலி.

ஆபீஸ் என்றால்
ஆர் பத்து, புள்ளி ஒன்பது, அடுத்த கோப்பு.
ஆனால் தினத்தாளை எழுத்துக்கூட்டிய வயதிலிருந்து
இந்த மூன்று சொல்லையும் எனக்குத் தெரியும்.
அவற்றுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கும்,
இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்,
இல்லாவிட்டால் புடவையும் விட்டமும்.
பாவம் வயிறு,
எத்தனை பேருக்காகப் பழி ஏற்றிருக்கிறது இந்த ஊரில்.

கடைசிக் கட்டம்: தகவல் தந்தவர்.
ராஜாபாதர். உறவு, அண்ணன்.
அந்த 'ஜா'வின் வால் எனக்குப் பழக்கம்.
பின்னி மில் அட்டையில், ரேஷன் விண்ணப்பத்தில்,
என் அப்பாவின் பள்ளிச் சான்றில்
அதே வால்.
கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றால்
"நான் ஒத்தை" என்பார்,
வெற்றிலையை மாற்றி அடக்கிக்கொண்டு.

வக்கீல் தாளைப் புரட்டினார்.
"கல்யாணம் ஆகலையா? அப்ப சிக்கல் இல்ல."

இன்று ஒன்பதாவது கோப்பு
பெண், நாற்பது, வயிற்று வலி.
எண் போடவில்லை.
மேலும் விவரம் தேவை என்று மருத்துவருக்குத் திருப்பினேன்.
அங்கே கேட்டால்
இரண்டு நாளில் பதில் வந்துவிடும்.