தள்ளி நிற்கும் வேலை

என் வேலை என்னவென்று கேட்டால்
தள்ளி நிற்பது என்பேன்.
முதல் வாரம் ஒரு முழம்.
அடுத்த மாதம் ஆணிப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம்.
பிறகு பெயின்ட் டப்பாக்களின் மறைவில்,
பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே,
கடைசியில் காருக்குள், எஞ்சினை அணைக்காமல்.
தண்டர் பே குளிரில் அணைத்த எஞ்சின்
மறுபடி கிளம்புமென்று சொல்வதற்கில்லை.

வெர்னர் ஹக்கலாவுக்கு நாற்பத்தொரு வயது.
பதினாறு கடைகள் ஏறி இறங்கினோம்.
"பார்த்துச் சொல்கிறோம்" என்றவர்கள் பதினொரு பேர்.
ஒருவர், அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம்
என்னிடம் கேட்டார்.
"அவர் இங்கேதான் இருக்கிறார்" என்றேன்.
"ஆமாம், இருக்கிறேன்" என்றார் வெர்னர்.
அந்த வேலை கிடைக்கவில்லை.

பதினேழாவது, துறைமுகத்தை ஒட்டிய ஹார்டுவேர் கடை.
திரும்பி வந்த திருகாணிகளை
அளவுவாரியாகப் பிரிக்க ஆள் தேடினார்கள்.
வெர்னர் ஒரு கை அள்ளினார்.
கண்ணால் பார்க்கவில்லை, விரலில் உருட்டினார்.
கால் அங்குலம். முக்கால். அரை.
இது எங்கள் கடைச் சரக்கே இல்லை.
முதல் நாளே 'எங்கள்' என்றார்.
அதை எழுத என் படிவத்தில் கட்டம் தேடினேன்.

சம்பளம் ஏறினால் உதவித்தொகை இறங்கும்.
அதற்கொரு கணக்கு, கணக்குக்கு ஓர் அலுவலகம்,
அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி,
அதில் முக்கால் மணி நேரம் பியானோ.
எனக்கு அந்தப் பியானோ மனப்பாடம்.
முதல் சம்பளத்தில் டோஸ்டர் வாங்கினார்,
ஒரே நேரத்தில் நான்கு துண்டு போடுவது.
தனி ஆளுக்கு எதற்கு நான்கு என்று
கேட்க வாயெடுத்தவள்
ரசீதைப் பத்திரப்படுத்துங்கள் என்று முடித்துக்கொண்டேன்.

வேலை வாங்கிக் கொடுத்தாயிற்றே,
அப்புறமென்ன என்பார்கள்.
அப்புறம்தான் எல்லாம்.

இரண்டாம் குளிர்காலத்தில் மேலாளர் மாறினார்.
புதியவர் மஸுரெக். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.
அட்டையைக் கடிக்கும் பழைய கடிகாரத்தைக் கழற்றிவிட்டு
தொட்டாலே போதுமென்று ஒரு திரை மாட்டினார்.
வெர்னர் என்றும்போல் ஐந்து நிமிடம் முந்தி வந்தார்.
திரையைத் தொட்டார்.
அங்கேயே நின்றார்,
பூட்ஸில் ஒட்டிய பனி
காலடியில் குளமாகும் வரை.
தினமும் இருபது நிமிடம்.
மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது
என்னைக் கூப்பிட்டார்கள்.

படம் வரைந்த அட்டைகள் கொண்டுபோனேன்.
அதிரும் கைக்கடிகாரம் கட்டிவிட்டேன்.
ஒன்பது வருட அனுபவத்தையும் கொட்டி
பொறுமையாக விளக்கினேன்.
வெர்னர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
நின்றார்.

நான்காம் நாள், கல்லாவிலிருந்த ஒடீல்,
என்னைக் கண்டாலே முகம் சுளிப்பவள்,
சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல் சொன்னாள்:
"பழசு டக்கென்று சத்தம் போடும்.
இது போடவில்லை.
அவருக்கு இன்னும் காலை எட்டு ஆகவில்லை."
ஸ்டேப்லரை எடுத்தாள்.
வெற்றுக் காகிதத்தில் ஓர் அழுத்து.
டக்.
வெர்னர் கோட்டைக் கழற்றினார்.

இப்போது கல்லாவில் யார் இருந்தாலும்
எட்டு மணிக்கு ஒரு டக்.
மஸுரெக்கும்தான்,
சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு.
'கையாண்ட உத்தி' என்ற கட்டத்தில்
ஸ்டேப்லர் என்று எழுதி, அடித்து,
மறுபடி அதையே எழுதினேன்.
'கையாண்டவர்' என்ற கட்டத்தில்
என் பெயர் முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

நேற்று சும்மா போனேன்.
வெர்னர் வாசல் பனியில் உப்புத் தூவியபடி
என் கார் வரை வந்து
கண்ணாடியைத் தட்டினார்.
"இது வாடிக்கையாளர்களுக்கான இடம்.
ஏதாவது வாங்குகிறீர்களா?"
எஞ்சினை அணைத்தேன்.
திருகாணி ஒரு பொட்டலம் கேட்டேன்.
"மரத்துக்கா, தகரத்துக்கா?"
யோசிக்க வேண்டியிருந்தது.
மரத்துக்கு என்று சொல்லிவைத்தேன்.