பதினெட்டு மாதச் சாவி

விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டிருந்தோம்.
ஜெசிந்தா மேடம் சிரிக்கவில்லை.
பதினொன்றாம் அறைச் சாவியை மேசையில் வைத்தார்.
மாதம் எண்ணூறு, கரண்ட் சேர்த்து.
பதினெட்டு மாதம்.
அதன்பிறகு ஒருநாள்கூடக் கிடையாது.

இரண்டு நாற்காலி, ஒன்றுக்குக் கை இல்லை.
ஜி.எஸ்.டி. பதிவுக்குக் காட்ட ஒரு முகவரி.
நடுராத்திரியிலும் யாராவது சால்டரிங் வைக்கிற வாசம்.
வாசல் பலகை அடைகாப்பகம் என்றது.
'எங்கூர்ல இது கோழிக்குஞ்சுக்கு' என்றான்
பல்லடத்துத் தரணீஸ்.
'இருபத்தோரு நாள். பொரியாததக் கொட்டீருவாங்க.'

பின்னல் எந்திரத்தில் ஓர் ஊசி உடைந்தால்
துணி நெடுக ஒரு கோடு விழும்.
யாரும் பார்ப்பதற்குள் இருபது கிலோ ஓடிவிடும்.
அந்தக் கோட்டைப் பார்க்கிற கண்ணைச் செய்திருந்தோம்.
பரிசுகூட வாங்கியது;
ஆளுயரக் காசோலை அட்டை
இன்னும் அலமாரிக்குப் பின்னால்.

வெள்ளிதோறும் மேடத்துக்கு ஒரே கேள்வி:
'இதுக்கு யார் காசு கொடுத்தாங்க?'
பதினாலு வெள்ளிக்கிழமைகள்
கூரை விசிறியைப் பார்த்தோம்.

பிறகு
பதினஞ்சு வேலம்பாளையத்திலிருந்து
செங்கோட்டுவேல் போன் செய்தார்.
'நாலே நாள்ல உங்க கண்ணுல பூ விழுந்துருச்சுங்க அம்மிணி.
வந்து கழட்டீட்டுப் போயிருங்க.'

பஞ்சுத்தூசி.
எங்கள் ஆய்வகத்தில் அது பறந்ததே இல்லை.

கழற்றப் போனவள் கழற்றவில்லை.
மூன்று ராத்திரி எந்திரத்தின் பக்கத்திலேயே இருந்தேன்.
அந்தச் சத்தத்தில்
வாயைப் பார்த்துத்தான் பேச்சு.
ஒடிசாக்காரர் பிபூதி
அரைமணிக்கொருதரம் வந்து
லென்ஸை உஃப் என்று ஊதிவிட்டுப் போனார்,
யாரும் சொல்லாமல்.
ஊத ஆள் வேண்டும் என்று
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
உக்கடத்துப் பழைய கடையில்
தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் விசிறி.

திரும்பி வந்தபோது
தரணீஸ் பெங்களூர் வேலைக்குக் கிளம்பியிருந்தான்.
திட்ட வாய் வரவில்லை.
அவன் கல்விக் கடனை நானா கட்டப்போகிறேன்?

அடுத்த வெள்ளி
'பதினோராயிரம், ரொக்கம்' என்றேன்,
குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.
மேடம் எழுதிக்கொண்டார்.
'சரி. ரெண்டாவது ஆள் யாரு?'

அப்படி யாரு யாரு என்றே
முப்பத்தாறு எந்திரம்,
கணக்கு எழுத ஒருத்தி,
பிபூதியும் சம்பளப் பட்டியலில்.

இன்று சாவியைத் திருப்பித் தருகிற நாள்.
கை இல்லாத நாற்காலியை விலைக்குக் கேட்டேன்.
பல்கலைக்கழகச் சொத்து, நம்பர் போட்டிருக்கு,
தரமுடியாது என்றார்.
எண்ணூறு ரூபாய் பாக்கியையும்
ஞாபகப்படுத்தினார்.