அளவு நோட்டு

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில்
துணி தைக்கக் கூப்பிட்டார்கள்.
யாருக்கு என்றேன்.
முகப்பில் நிற்கிறவனுக்கு என்றார்
மேனேஜர் பெத்தபெருமாள், அந்தப் பக்கம் திரும்பாமல்.

வெள்ளிக்கிழமை கல்யாணம்.
சம்பந்தி வீட்டார் ஒரு மாதிரி.
வேட்டி சுற்றிப் பார்த்தாயிற்றாம். பளிங்கில் முடிச்சு நிற்காது.
போன கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது
வழுக்கி விழுந்து
ஐயர் மந்திரத்தை மறந்துவிட்டார்.
காரைக்குடி ஆம்பளை டைலர்கள் மூன்று பேர்
வந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.
நான் பிளவுஸ் தைக்கிறவள்.
என் நோட்டில் ஓர் ஆணின் அளவும் கிடையாது.

பர்மாத் தேக்குத் தூணுக்கும்
ரசம் போன கண்ணாடிக்கும் நடுவே நின்றான்.
ஒரு கை நீட்டி, மறு கையை அதன்மேல் மடக்கி.
புண்ணைத் தடவுகிறான் என்று
நாலு தலைமுறையாக நம்பிய வீடு.
இல்லை, எண்ணெய் வழிக்கிறான் என்றாள்
மணப்பெண் மெய்யம்மை.
சரித்திரம் படித்தவள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.
கிரேக்கத்தில் எண்ணெய் பூசி, புழுதியில் மல்லுக்கட்டி,
வளைந்த தகட்டால் வழித்துப் போடுவார்களாம்.
அசலும் இல்லை இவன், நகலுக்கு நகல்.
தகடு கப்பலில் உடைந்துபோய்
வெறுங்கையோடு வந்து இறங்கியவன்.
அரப்பு இல்லாத ஊர் போல, என்றேன்.

இடுப்பு முப்பத்தொன்றரை.
தொடை இருபத்திரண்டு.
அதற்கு மேலே டேப் தயங்கியது.
நான் கேட்காததற்கு அவள் பதில் சொன்னாள்:
சிறியதாக வைத்தால் அடக்கம் என்று அர்த்தமாம்,
பெரியது கோமாளிகளுக்காம்.
உடுத்தி நிற்க வெட்கப்படாத நாம்
அவர்களுக்குக் காட்டுமிராண்டிகளாம்.

அந்தப் பந்தயங்களைப் பெண்கள் பார்த்தார்களா?
கன்னிகள் பார்க்கலாமாம்.
கட்டிக்கொடுத்தவள் எட்டிப் பார்த்தால்
மலையிலிருந்து தள்ளிவிடுவார்களாம்.
எனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று சிரித்தாள்.
தாலி அறுத்தவள்?
அவள் சிரிப்பு நின்றது.
அதை யாரும் எழுதி வைக்கவில்லை அக்கா.

திசையையே உடுத்திய வயிரவருக்கும்
வயிரவன்பட்டியில் வேட்டி கட்டித்தான் கும்பிடுகிறோம்.
நடக்கத் தெரியாத பிள்ளைக்கும்
ஒரு கறுப்புக் கயிறு வேண்டும் நமக்கு,
அது இருந்தால் அம்மணம் இல்லை.
இவன் இடுப்பில் அதுகூட இல்லை.

மதுரை பெரியாஸ்பத்திரியில்
ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள்:
டி.வி.எஸ். சாவி, நின்றுபோன வாட்ச்,
கத்தரியால் வெட்டிய அரைஞாண்.
கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன்.
துணியை மார்புவரை விலக்கி
இவர்தானா என்றார்கள்.
பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள்,
விளக்கு வெளிச்சத்தில் அன்றுதான் பார்க்கிறேன்,
இடது விலாவில் ஒரு மச்சம்.
இவர்தான் என்றேன்.
மச்சத்தைக் கேட்டிருந்தால்
தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

டேப் கீழே விழுந்து கிடந்தது.
இப்படி நிற்கிற சில பையன்கள்
சமாதிமேல் வைத்த கல் அக்கா, என்றாள் மெய்யம்மை
வேறு எதையோ சொல்கிற குரலில்.
போரில் செத்தவனை, உடுப்பு இல்லாமல்,
உதட்டில் கொஞ்சம் சிரிப்போடு நிறுத்தி
கீழே பெயர் வெட்டுவார்களாம்,
வழியில் போகிறவர்கள் நின்று பார்க்கவேண்டும் என்று.

நான் அவன் விலாவைப் பார்த்தேன்.
பளிங்கில் ஒரு நரம்பு, சாம்பல் நிறத்தில்.
ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.
போகாது என்று தெரிந்துதான் துடைத்தேன்.

வியாழக்கிழமை கொண்டு போனேன்.
பிஸ்கட் நிறப் பட்டு, கொசுவம் வைத்தது.
ஊக்கு இல்லை, ஒரே ஒரு நாடா.
மெய்யம்மைக்கு மட்டும் காட்டினேன்,
எந்த முனையை இழுக்கவேண்டும் என்று.
உள்ளே, பட்டுக்கு அடியில்,
யாருக்கும் தெரியாத கறுப்புக் கயிறு ஒன்று.

பெத்தபெருமாள் பில்லைப் பார்த்தார்.
துணி, நூல், தையல்.
அளவெடுத்த கூலி போடலையே?
அது இருக்கட்டும் என்று
செருப்பை மாட்டிக்கொண்டேன்.