இடக்கால்

எங்களுக்கெல்லாம் இடக்கால் ஷூதான் முதலில் தேயும்.
வளைவுகள் நாலு சுற்றும் இடப்பக்கம்.
பிரேக் இல்லாத வண்டி. காலை ஊன்றி
மண்ணைக் கிழித்துத்தான் திரும்பவேண்டும்.
வலக்கால் ஷூக்கள் புதுக்கருக்கோடு
வீட்டு அட்டாலியில் கிடக்கின்றன, ஒன்பது.
"இதையெல்லாம் யாருக்குங் மாமா குடுக்கறது?" என்கிறாள் மருமகள்.

குண்டடத்துக்கு மேற்கே
காற்றாலை நிழல் வந்து வந்து வெட்டும் காட்டில்
எண்பது மீட்டர் செம்மண் தடம், கோழிமுட்டை வடிவில்.
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய் அவிழ்த்துவிட்ட காற்று
மேற்கே ஓட்டினால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது.
கிழக்கே திரும்பினால் அதே கை முதுகில்.

ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டோர், கடைசிப் பந்தயம்.
மைக்கில் பையன் வயதையும் சேர்த்தே படிக்கிறான்:
காஜாமைதீன், ஐம்பத்தெட்டு, தாராபுரம் லேத் பட்டறை.
திருமூர்த்தி, ஐம்பத்தேழு, உடுமலை மின்வாரியம்.
அவர்கள் மஞ்சள்.
சென்னியப்பன், அறுபத்தொன்று, ஊத்துக்குளி, வெண்ணெய் வியாபாரம்.
அப்புறம் நான், அறுபத்துமூன்று.
என் ஊரைச் சொல்ல மறந்துவிட்டான்.
நாங்கள் சிவப்பு.
முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து.

சென்னியப்பனும் நானும் ஒரே நிறம் போட்டது
ஆள் பற்றாமல்தான்.
பவானியில், அப்போது இருவருக்கும் மீசை கறுப்பு,
இரண்டாம் வளைவில் முழங்கையை விட்டான்.
காறை எலும்பு கோணலாகவே கூடியது.
இன்றும் எனக்குச் சட்டை ஒருபக்கம் சரியும்.
அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

பி.டி. டீச்சர் லீலாவதி கையை உயர்த்தினார்.
கயிறு பறந்தது.

முதல் சுற்றில் மூச்சு இருக்கிறது.
இரண்டாம் சுற்றில் முட்டி பேச ஆரம்பிக்கிறது,
அதை யாரும் கேட்பதில்லை.
காஜா உள்ளே, நான் அவன் தோளுக்கு வெளியே,
மண் வாயில், கண்ணில்,
மூன்றாவதில் அவன் கால் வழுக்கி ஒரு சாண் அகல,
அந்தச் சாணில் நுழைந்துவிட்டேன்.

அப்போதுதான் பின்னால் டப்பென்று சத்தம்.
சென்னியப்பனுக்குச் சங்கிலி அறுந்துவிட்டது.
சந்தோசம் வந்தது.
வரக்கூடாது. ஆனால் வந்தது,
பழைய கடன் வட்டியோடு திரும்பியதுபோல்.
பாதிச் சுற்று போனபிறகே கணக்கு உறைத்தது:
எனக்கு நாலு. அவர்களுக்கு மூன்றும் இரண்டும்.
கடைசியில் வந்தாலும் ஒன்று உண்டு.
வராவிட்டால் ஒன்றுமில்லை.

கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன்.
வண்டியைத் தோளில் போட்டு ஓடிக்கொண்டிருந்தான்.
இன்னும் ஒரு சுற்றுக்கு மேல் பாக்கி.
"இது செல்லுமுங்களா?" யாரோ கத்த,
லீலாவதி டீச்சர் விதிப் புத்தகத்தைப் புரட்ட,
பக்கங்களைக் காற்று வேறு முந்திப் புரட்ட,
"வண்டியோட வந்தாச் செல்லும்" என்றார்.

மேற்கு நோக்கிய நேர்வழியில் காற்று அவனை நிறுத்தியே வைத்தது.
தோளில் சக்கரம் தானாகச் சுற்றிற்று.
வெண்ணெய்ப் பானை சுமந்த தோள்தான், ஆனாலும்.
"ஓட்றா சென்னீ!"
என் குரல்தான்.
அவனை டா போட்டு எத்தனை வருசம்.

நாற்பதுக்கு நாற்பது.
சமன் ஆகும் என்று யாருமே நினைக்கவில்லை,
இருந்தது ஒரே கோப்பை.
"பட்டறைக்குக் கொண்டாங்க, ரெண்டா அறுத்துத் தரேன்" என்றான் காஜா.
விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

சென்னியப்பன் மண்ணிலேயே மல்லாந்து கிடந்தான்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்தான், இருமினான்.
"பவானில நீதான் உள்ள வந்தே" என்றான்.
"எந்திரி மொதல்ல" என்றேன்.

அவன் இடக்கால் ஷூவின் அடி
தவளை வாயாட்டம் பிளந்திருந்தது.
என் பையில் மாற்று ஒன்று இருந்தது, இடக்கால்தான்.
"எட்டாம் நம்பர்" என்றேன்.
"எனக்கு ஒம்பது" என்றான்.
வாங்கிப் போட்டுப் பார்த்தான்.